கிணற்றுக்குள் மரநாய், மேலே நாற்பது பேர்

நான் மோட்டார் மெக்கானிக். காங்கயத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் ஏற்றுவது, இறக்குவது, காயில் கட்டுவது என்று இருபத்து மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. காட்டு உயிர்களைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை. ஆனாலும் சுத்துப்பட்டில் யார் கிணற்றில் எது விழுந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கப்பி, செயின் பிளாக், நூறடி வடக்கயிறு, கிணற்றடி வரைக்கும் வெளிச்சம் விழுகிற டார்ச் எல்லாம் என்னிடம் இருக்கிறதே, அதுதான் காரணம். “அண்ணா, கெணத்துக்குள்ள என்னமோ உழுந்துருச்சுங்ணா, சித்த வந்துட்டுப் போங்” என்பார்கள். அந்த ‘என்னமோ’ பாதி நேரம் ஆட்டுக்குட்டியாகவோ பூனையாகவோ இருக்கும். மீதி நேரம் மயில், மரநாய், உடும்பு, முயல், பாம்பு.

போய்ப் போய், சிலதைக் கெடுத்து, சிலதைக் கரையேற்றிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரியாத இடத்தில் கால்நடை டாக்டரும், வனத்துறைக்காரர்களும், பாம்பு பிடிக்கிற தம்பி ஒருவரும் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்திருக்கிறேன்.

கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் இருக்கும். சித்திரை வெயில். சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணற்றில் மரநாய் விழுந்து கிடந்தது. பூனை அளவு உடம்பு, உடம்பு நீளத்துக்கு வால், கூரான மூஞ்சி. ராத்திரியில் பழம் தேடி அலைகிற ஜீவன், இருட்டில் கால் தவறியிருக்கும். நான் போகும்போது மேலே நாற்பது பேர். பிள்ளைகள் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அது அசைகிறதா என்று பார்க்க. நான் பெரிய வீரன் மாதிரி நைலான் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினேன். நாலாவது தடவை கழுத்தில் விழுந்தது. இழுத்தேன். கூட்டம் கை தட்டியது. பாதி உயரம் வருவதற்குள் துள்ளித் துள்ளி, அதன் எடையே அதன் கழுத்தை நெரித்துவிட்டது. மேலே வந்தபோது கண் செருகிக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்துச் சுருக்கை அவிழ்க்கக் கையை வைத்தேன். என் கட்டைவிரலைக் கவ்வி ஒரே உதறு. அதற்கப்புறம் அது அசையவில்லை.

அன்றிலிருந்து எந்த உயிருக்கும் நான் சுருக்குப் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள். ஆட்டுக்குட்டிக்குப் போட்டு இழுத்துப் பழகிய கை நமக்கு. காட்டு உயிருக்கு அது தூக்குக் கயிறு.

கிணற்றில் விழுந்தால்

சரியாக நடந்தது, அதற்கு ஐந்தாறு வருடம் கழித்து. அதுவும் மரநாய்தான். ஐப்பசி மழை முடிந்து தண்ணீர் பத்துப் பன்னிரண்டு அடியில் நின்றது. தோட்டக்காரர் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். இந்த முறை என்ன செய்தேன் என்று வரிசையாகவே சொல்கிறேன்.

போனிலேயே கேட்டது: “மோட்டார் ஆப்ல இருக்குதுங்களா?” ஸ்டார்ட்டரை அணைத்தால் போதாது. இப்போது பாதித் தோட்டத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர்தான். த்ரீ பேஸ் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கிணற்றுக்குள் இறங்குகிற கேபிளில் ஜாயின்ட் எங்காவது பிரிந்திருந்தால் தண்ணீரில் கரன்ட் இருக்கும். விழுந்த உயிருக்கும் ஆபத்து, தண்ணீரில் வாளி விடுகிற நமக்கும் ஆபத்து. இது மெக்கானிக்காகச் சொல்வது, தட்டாதீர்கள்.

அடுத்து, கூட்டம். கிணற்று மேட்டில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மேலே தலை தெரிகிற வரைக்கும் அது ஏறாது, நீந்தி நீந்தியே களைத்துவிடும். இதுதான் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன விஷயம். அதைப் பிடிக்க வேண்டியதே இல்லை. ஏறுவதற்கு ஒரு வழியைப் போட்டுவிட்டு, நாம் போய்விட வேண்டும்.

ஆனால் முதலில் அதற்கு மூச்சுவாங்க ஓர் இடம் வேண்டும். சில கிணற்றில் திட்டோ உடைந்த படியோ இருக்கும், அதில் ஒண்டிக்கொள்ளும். இல்லையென்றால் மிதக்கிற எதையாவது கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குங்கள். வாழைமரத் துண்டு நன்றாக மிதக்கும், நகத்துக்கும் பிடிமானம். லாரி டியூபில் காற்றடித்து மேலே சாக்கைச் சுற்றி விட்டாலும் சரி. அதன் தலைக்கு நேராக இறக்காதீர்கள், எதிர்ப் பக்கச் சுவரோரம் விடுங்கள். அது தானாக நீந்தி வரும். அன்றைக்கு வாழைத்துண்டை விட்ட இரண்டாவது நிமிடம் அது தொற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உடம்பு நடுங்கியது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு சீறல். அது சீறினால் எனக்குச் சந்தோஷம், தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் வழி. தென்னந்தோப்பில் ஒரு பச்சை மட்டையை ஓலையோடு வெட்டி, அடிப்பக்கம் மேலே வருகிற மாதிரி கிணற்றுக்குள் விட்டேன். அடிமட்டையை மோட்டார் ரூம் தூணில் கட்டினேன். நுனி தண்ணீரில் இரண்டடி முழுகியிருக்க வேண்டும், மேல் முனை கிணற்று விளிம்பைத் தாண்டி ஓரடியாவது வெளியே நிற்க வேண்டும். விளிம்புக்குக் கீழேயே முடிந்தால் அது அங்கே வந்து மாட்டிக்கொள்ளும். ஆட்டிப் பார்த்து, வழுக்காமல் நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டேன்.

பிறகு எல்லோரையும் கிளப்பினேன். தோட்டக்காரருக்கு நம்பிக்கையே இல்லை. “ஏனுங், இப்டியே உட்டுட்டுப் போனா ஆச்சுங்களா?” என்றார். நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். மரநாய் பகலில் அநேகமாக ஏறாது, பொழுது சாய வேண்டும். பொழுதோட ஆறு மணிக்கு வந்து, மாடு அடைக்கிற தொண்டுப்பட்டி ஓரம் கட்டிலைப் போட்டு, பேச்சில்லாமல் உட்கார்ந்தோம். எட்டு மணிக்கு மேல் மட்டை ஒரு தடவை ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. விளிம்பில் மூக்கு மட்டும் தெரிந்தது, அங்கேயே ஒரு நிமிடம் இருந்தது. பிறகு ஏறி, நாய் உதறுவது போல உடம்பை உதறிவிட்டு, இட்டேரிக் (தோட்டங்களுக்கு நடுவே போகிற தடம்) கிளுவை வேலிக்குள் புகுந்துவிட்டது. காலையில் மட்டையைப் பார்த்தேன். தோல் முழுக்க நகக் கீறல்.

நாற்பது, ஐம்பது அடி ஆழத்துக்குத் தென்னைமட்டை எட்டாது. மரநாய், அணில், கீரி மாதிரி ஏறத் தெரிந்ததுக்குப் பருமனான தேங்காய்நார் வடத்தில் ஓரடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, சாக்கைச் சுற்றித் தொங்கவிடலாம். நைலான் கயிறு வழுக்கும், உதவாது. ஏறத் தெரியாததுக்குக் கயிற்றுக்கட்டில். நாலு காலிலும் கயிறு கட்டி, நாலையும் மேலே ஒரே முடிச்சாக்கி, கப்பியில் கோத்து, கட்டிலின் மேல் சாக்கு விரித்து, தண்ணீரில் பாதி முழுகும்படி இறக்குங்கள். அது ஏறி உட்கார அரைமணி ஆனாலும் பொறுங்கள். இழுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக. கட்டில் விளிம்புக்கு வந்ததும் கயிற்றைக் கட்டிவிட்டு ஒரு பக்கமாக எல்லோரும் விலகுங்கள். எதிர்ப் பக்கம் திறந்த வெளியாக இருக்கட்டும். மகாராஷ்டிரத்தில் கிணற்றில் விழுந்த சிறுத்தையைக்கூட இப்படிக் கட்டிலை இறக்கித்தான் மேலேற்றுவார்கள். அங்கே அதைச் செய்வது வனத்துறை, நீங்களும் நானும் அல்ல.

நீங்கள் மட்டும் உள்ளே இறங்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். நாள்பட்டுக் கிடக்கிற கிணற்றில் அடியில் காற்று கெட்டிருக்கும். அந்தக் காலத்தில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும், சரிதான். எரிந்தால் விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கினவரும் விழுவதுதான் வழக்கமாக நடப்பது. ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 101 அல்லது 112, தீயணைப்புத் துறை. அவர்களிடம் அதற்கான சாமான் உண்டு. அழைப்பது மனுசனுக்காக இல்லையே, வருவார்களா என்று தயங்க வேண்டாம். மாட்டுக்கும் மயிலுக்கும் வந்து நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கிணற்றில் பாம்பு நீந்துகிறது என்று பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் முக்கால்வாசி தண்ணீர்ப்பாம்பாக இருக்கும். அது விழவில்லை, அங்கேதான் குடியிருக்கிறது. மீன், தவளை தின்றுகொண்டு சௌகரியமாக இருப்பதை வெளியே எடுத்துப் போட்டு நாம் என்ன சாதிக்கப் போகிறோம்?

மயில் வேறு மாதிரி. நேர் செங்குத்தாக மேலேறிப் பறக்கத் தெரியாது, அதிலும் தோகை நனைந்துவிட்டால் கல்லைக் கட்டின கணக்கு. பெரிய தட்டுக்கூடையையோ கட்டிலையோ இறக்கினால் ஏறிக்கொள்ளும். மேலே வந்ததும் உடனே பறக்க முடியாது, நாய் பிடித்துவிடும். அதனால் தலையோடு சேர்த்துச் சாக்கைப் போர்த்தி, இறக்கையை உடம்போடு அணைத்துத் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் வெயில்படும் இடத்தில் விடுங்கள். காலை விட்டுவிடாதீர்கள், ஆண் மயிலுக்கு காலில் முள் உண்டு, கையைக் கிழிக்கும். தலையை மூடினால் பாதி அமைதியாகிவிடும். எந்தப் பறவைக்கும் இது பொருந்தும்.

மயிலுக்காக ஒரு தோட்டக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “ஏக்கரா கடலையக் கொத்தித் தின்னுட்டு என்ர கெணத்துலயே உழுந்துருக்குது. இதுக்கு நீ வடம் கொண்டாந்தயா?” அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மயில் நட்டம் எங்கள் பக்கம் நிஜம். தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று சட்டம் பேசினால் அவர் இன்னும் சூடாவார். “கெணத்துலயே செத்து அழுகுனா அந்தத் தண்ணியத்தான மாடு குடிக்கும்?” என்றேன். கட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் கதை கடைசியில் மறுபடி வரும்.

தொட்டி

கிணற்றுக்குக் கூட்டம் கூடுகிறது. தொட்டிக்கு யாரும் கூடுவதில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் அதிகம் சாவது அங்கேதான். மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்டுத் தொட்டி, நாலடி உயரம், வழவழவென்று பூச்சு. கோடையில் தண்ணீர் முக்கால்தொட்டி நிற்கும்போது குடிக்கக் குனிந்து விழும். அணில், ஓணான், குட்டி உடும்பு, குயில், தவளை. விழுந்ததற்கு ஏற வழியில்லை. காலையில் மிதக்கும்.

வைத்தியம் ரொம்பச் சின்னது. பழைய கோணிச்சாக்கைக் கயிறு மாதிரி முறுக்கி, ஒரு முனையில் கல்லைக் கட்டித் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை வெளியே இழுத்துக் கட்டிவிடுங்கள். மூலையில் செங்கல்லைப் படிப்படியாக அடுக்கினாலும் சரி. சுவரை ஒட்டி இருக்க வேண்டும், ஏனென்றால் விழுந்தது சுவரோரமாகத்தான் சுற்றிச் சுற்றி வரும், நடுவில் போட்ட பலகை அதன் கண்ணில் படாது. சாக்கு ஆறு மாதத்தில் மக்கிவிடும், மாற்ற வேண்டும். போர் போட்டுத் தண்ணீர் வராமல் விட்ட குழிகளுக்கு மூடி போடுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள். இதற்கெல்லாம் நூறு ரூபாய் ஆகாது.

வலையில் பாம்பு

கோழிக்கூண்டுக்கும் காய்கறிப் பாத்திக்கும் மெல்லிய நைலான் வலை கட்டுகிறோம். எலியைத் துரத்தி வருகிற சாரைப்பாம்பு அதில் தலையை நுழைக்கும். செதில் எல்லாம் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னே போகத்தான் முடியும், பின்வாங்க முடியாது. முண்ட முண்ட இன்னும் இறுகும். இதை இழுத்து எடுக்க முயன்றால் தோல் உரிந்துவிடும்.

சாரை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் நான் பாம்பைத் தொடுவதில்லை. சாரையையும் நல்லபாம்பையும் மாற்றி நினைத்தவர்கள் உண்டு. வலையைச் சுற்றிச் சுருண்டிருக்கும்போது நிறமும் தலையும் சரியாகத் தெரியாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்களே பயிற்சி உள்ளவரை அனுப்புவார்கள். ஆள் வருகிற வரைக்கும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிழல். மத்தியான வெயிலில் நகர முடியாமல் கிடக்கிற பாம்பு சீக்கிரம் செத்துப்போகும். பத்தடி தள்ளி நின்று நீளக் கம்பில் குடையைக் கட்டிச் சாய்த்து வைக்கலாம். தூரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். அவ்வளவே.

பாம்பு பிடிக்கிற அந்தத் தம்பி அப்படி ஒன்றை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பையில் இருந்த ஒன்றரை இன்ச் பிவிசி பைப் துண்டுதான் கேட்டார். பைப்பைப் பாம்பின் முன் காட்டினார். இருட்டுப் பொந்து என்று நினைத்துத் தலையை அதுவாகவே உள்ளே விட்டது. ஒரு சாண் உள்ளே போனதும் பைப்பையும் பாம்பையும் சேர்த்து ஒரு கையில் பிடித்துக்கொண்டார். இனி கடிக்கத் திரும்ப முடியாது. மறுகையில் கத்தரி. ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி வெட்டுவார்களே, ஒரு முனை மழுங்கலாக இருக்கும், அது. மழுங்கல் முனையைச் செதிலுக்கும் நூலுக்கும் நடுவில் நுழைத்து, ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நூல் இறுகிய இடத்தில் உடம்பு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மோதிரம் மாட்டிய விரல் வீங்குமே, அப்படி. எல்லாம் முடிந்த பிறகு வாலிலிருந்து தலை வரை விரலை ஓட்டினார். ஒரு நூல் செதிலுக்குள் பதிந்து மறைந்திருந்தது, அதையும் எடுத்தார். அந்த ஒரு நூல் போதுமாம், நாலைந்து நாளில் சதை அழுகிவிடுமாம். வெட்டிய வலைத் துணுக்குகளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் வலையைத் தரையிலிருந்து ஓரடி தூக்கிக் கட்டி, அடியில் தகரம் அடித்துவிட்டார்கள்.

எலிக்கு வைக்கிற பசை அட்டையிலும் இதே கூத்துதான். பல்லி, சின்னப் பாம்பு, குருவி, அணில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிய்க்காதீர்கள். பல்லியோ அணிலோ என்றால், முதலில் அட்டையில் காலியாக இருக்கும் பசைமேல் மாவையோ மண்ணையோ தூவுங்கள், மறுபடி ஒட்டாது. பிறகு ஒட்டின இடத்தில் மட்டும் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பொறுமையாக விடுவியுங்கள். மூக்கில் எண்ணெய் போகக் கூடாது. குருவி என்றால் மாவைத் தூவி, அட்டையோடு பெட்டியில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இறகில் எண்ணெய் ஏறினால் அது பறக்கவும் முடியாது, குளிரும் தாங்காது. அந்த அட்டையை வாங்காமலே இருக்கலாம். கூண்டுப்பொறி இன்னும் கடையில் விற்கிறது.

பைப்புக்குள் உடும்பு சிக்கினால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். உடும்புப் பிடி என்று சும்மா சொல்லவில்லை, நகத்தை ஊன்றிக்கொண்டால் நகம்தான் பிய்யும். இரண்டு முனையும் திறந்திருந்தால் விட்டுவிடுங்கள், ராத்திரியோ மறுநாள் வெயிலிலோ போய்விடும். நிஜமாகவே இறுகியிருந்தால், அது இருக்கும் இடத்துக்கு ஓரடி முன்னும் பின்னும் பைப்பை அறுத்து, துண்டோடு டாக்டரிடம் கொண்டு போவதுதான் வழி. நான் அறுக்கும்போது பிளேடைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுப்பேன், பைப் சூடேறாது. மோட்டார் ரூமில் உடும்பு புகுந்தால் அதற்கு மீட்பே தேவையில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

பெட்டி, இருட்டு, அமைதி

காக்கைக் கூட்டம் துரத்தி, பட்டப்பகலில் ஓர் ஆந்தை எங்கள் வாசலில் விழுந்தது. வெள்ளை மூஞ்சி, வெற்றிலை மாதிரி. இறக்கை ஒடியவில்லை, வெளிச்சத்தில் மிரண்டு உட்கார்ந்துவிட்டது. துண்டைப் போட்டு மூடி, மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் அடியில் பழைய துணி விரித்து, பக்கவாட்டில் நாலைந்து ஓட்டை போட்டு, உள்ளே விட்டு மூடினேன். தண்ணீர் ஊட்டவில்லை. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதுதான் நம் ஆட்கள் முதலில் செய்வது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் பறவை செத்துவிடும். சோறும் வேண்டாம், திறந்து திறந்து பார்ப்பதும் வேண்டாம், செல்பி வேண்டவே வேண்டாம்.

எங்கள் அத்தைதான் குதித்தார். “சாக்குருவியக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெக்கறயே, ஒனக்கென்ன கிறுக்கா?” ஒரு ஜோடி ஆந்தை தின்கிற எலியைப் பூனை தின்னாது அத்தை என்றேன். அவர் முனகிக்கொண்டே போய் விளக்கேற்றினார். இருட்டினதும் பெட்டியை மதில்மேல் வைத்து மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இறக்கைச் சத்தமே இல்லாமல் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தையும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் மோதி விழுகிற குருவிக்கும் இதே பெட்டிதான். ஒன்றிரண்டு மணி நேரம் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியவில்லை, ரத்தம் வருகிறது, இறக்கை தொங்குகிறது என்றால் கால்நடை ஆஸ்பத்திரி. காலில் மாஞ்சா நூல் சுற்றியிருந்தால் நூலை இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டி, சுற்றியதை அப்படியே டாக்டரிடம் விடுங்கள். நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்துவிட்டது, ஆனாலும் மரத்தில் தொங்கத்தான் செய்கிறது. மின்கம்பியில் தொங்குகிற பறவைக்குக் குச்சி நீட்டவே கூடாது, ஈரக் கம்பும் பச்சை மூங்கிலும் கரன்ட் கடத்தும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-க்குச் சொல்லி லைனை நிறுத்தின பிறகுதான் எதுவும்.

அணில்குட்டி ஓட்டிலிருந்து விழுந்தால் தாய் தேடி வரும். காயமில்லாமல் சூடாக இருந்தால், ஒரு கொட்டாங்குச்சியிலோ சின்னப் பெட்டியிலோ பஞ்சு வைத்து, விழுந்த இடத்துக்கு மேலே பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு விலகுங்கள். வாயில் கவ்விக்கொண்டு போகும். சாயங்காலம் வரை வராவிட்டால்தான் அடுத்த யோசனை. பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றால் போய்ச் செத்துவிடும். என் மகள் இப்படி ஒன்றைப் பாசமாகக் கொன்றாள், இன்னும் அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் முதலில் பேனை நிறுத்துங்கள். லைட்டை அணைத்து, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தரையில் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், தடித்த துணியால் எடுத்து மரப்பட்டையிலோ சுவரிலோ தொற்ற விடுங்கள். உயரத்திலிருந்து விழுந்துதான் அது பறக்கத் தொடங்கும்.

கடித்துவிட்டால்

என் கட்டைவிரல் கதைக்கு வருகிறேன். மரநாய் கடித்ததும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன். கால்நடை டாக்டர்தான் போனில் திட்டி அனுப்பினார். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கால்மணி, சும்மா நனைப்பது கணக்கில்லை. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, புஜத்தில் தடுப்பூசி, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். எல்லாம் இலவசம். வெறிநாய்க்கடி நோய் நாய்க்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீரி, மரநாய், குரங்கு, நரி, பூனை, எது கடித்தாலும், நகம் பட்டு ரத்தம் வந்தாலும், வௌவால் கீறினாலும் ஊசிதான். நோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

பாம்பு கடித்தால் 108. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராக. எந்தப் பாம்பு என்று காட்ட அதை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978-லிருந்து. அடித்துக் கொல்கிற பாம்பிலிருந்துதான் நம் உயிர்மருந்தும் வருகிறது என்று அந்தத் தம்பி சொன்னது நினைவில் நிற்கிறது.

பெரிய உயிர் எதுவானாலும், சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி, மான், உங்கள் வேலை கதவைச் சாத்தி ஆட்களை விலக்கி வனத்துறைக்குச் சொல்வது மட்டும்தான். மான் பாவம், காயமே இல்லாமல் பயத்திலேயே செத்துவிடும். 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர் பக்கம் பழைய குடோனுக்குள் சிறுத்தை புகுந்தபோது, வனத்துறை வாசலில் கூண்டை வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தது. கடைசியில் அது தானாகவே கூண்டுக்குள் வந்தது. தென்னைமட்டைக் கதைதான், அளவுதான் பெரிது.

பிடித்ததை வீட்டில் வைத்து வளர்க்காதீர்கள், சட்டப்படி குற்றம். புண்ணியமென்று நினைத்து இருபது மைல் தள்ளிக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் தப்பு. அதன் பொந்து, தண்ணீர், குட்டி எல்லாம் இந்த இட்டேரியில்தான் இருக்கிறது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள்.

என் எக்ஸெல் வண்டிப் பெட்டியில் இதற்கென்று இருப்பது: இரண்டு கோணிச்சாக்கு, தடித்த தோல் கையுறை, மழுங்கல் முனைக் கத்தரி, பிவிசி துண்டு, பழைய போர்வை, சோப்பு ஒன்று. வனச்சரக அலுவலக நம்பரையும் கால்நடை ஆஸ்பத்திரி நம்பரையும் இன்றைக்கே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நம்பர் தேட முடியாது.

மயிலுக்காக என்னைத் திட்டினாரே, அந்தத் தோட்டக்காரர். போன வைகாசியில் அவர் மோட்டாருக்கு பேரிங் மாற்றப் போனேன். தொட்டி மூலையில் என் வடக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, சாக்குச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒழுங்காகக் கட்டி. மயிலைத் தூக்கிய அன்று விட்டுவிட்டு வந்த கயிறு. திருப்பிக் கேட்டேன். “அது இருக்கட்டும் உடு. அணலு ரண்டு தெனமும் அதுலதான் எறங்கித் தண்ணி குடிக்குது” என்றார். கடலையைப் பற்றி ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மோர் கொடுத்தார். கயிற்றுக்குக் காசும் கொடுக்கவில்லை.